சோலாரா, டீசலா? மின்வெட்டிலும் தொழில் ஓட எதை வாங்குவது

கூரை முழுக்க சோலார் பேனல். உச்சி வெயில். திடீரென்று லைன் கரண்ட் போகிறது, கூடவே மொத்தக் கட்டடமும் இருண்டுவிடுகிறது. சோலார் போட்ட புதிதில் தொழில் நடத்தும் பலர் திகைத்துப்போகும் இடம் இது. "வெயில்தான் இப்படி அடிக்குதே, ஏன் லைட் எரியலை?" என்று மாட்டிக் கொடுத்தவரைப் போனில் பிடித்தால், "சார், அது ஆன்-கிரிட் சிஸ்டம், அப்படித்தான் இருக்கும்" என்பார். அவர் சொல்வது சரிதான். விற்கும்போதே சொல்லியிருக்கலாம்.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தின் அழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பார்த்துத்தான் ஓடும். வெளி மின்சாரம் நின்றதும் அதுவும் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் உங்கள் கூரை மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிர் போகும். அதனால்தான் மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ-யின் 1547 போன்ற தரநிலைகள் 2 விநாடிக்குள் துண்டிக்கச் சொல்கின்றன. இது பழுதோ ஏமாற்றோ அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு.

ஆகவே மின்வெட்டு நேரத்தில் டீசல் ஜெனரேட்டருக்கு உண்மையான போட்டி பேட்டரிதான். பேனல் அந்தப் பேட்டரியை நிரப்பும் வழிகளில் ஒன்று. கரண்ட் இருக்கும் நேரத்தில் அது மின் கட்டணத்தைக் குறைக்கும். இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் குழப்பி விற்பதால்தான் "சோலாரா, டீசலா" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. கீழே உள்ள படிகள் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்காக. கையில் ஒரு நோட்டும், உங்கள் பழைய மின் கட்டண ரசீதுகளும் இருந்தால் போதும்.

முதல் படி: மின்வெட்டை எழுதி வையுங்கள்

விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். "அடிக்கடி போகுது" என்பதை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது. குறைந்தது ஒரு மாதமாவது, எப்போது போனது, எப்போது வந்தது, முன்னறிவிப்பு இருந்ததா, அப்போது உங்கள் வேலை நடந்துகொண்டிருந்ததா என்ற நான்கையும் குறியுங்கள். கண்காணிப்புக் கேமரா ரெக்கார்டரோ யு.பி.எஸ்ஸோ வைத்திருந்தால் அவற்றின் பதிவிலேயே பழைய மின்வெட்டு நேரங்கள் கிடைக்கக்கூடும்.

எழுதிப் பார்த்தால் உங்கள் மின்வெட்டு எந்த வகை என்று தெரியும். தினமும் வந்து ஓரிரு மணி நேரத்தில் முடிவது ஒரு வகை. வருடத்தில் சில தடவை மட்டும், ஆனால் புயல், மின்மாற்றிப் பழுது போன்ற காரணத்தால் நாள்கணக்கில் நீள்வது இன்னொன்று. பகலில் பாதி நேரம் கரண்டே இல்லை, அல்லது லைனே வரவில்லை என்பது மூன்றாவது. நான்காவதாக ஒன்று உண்டு: கரண்ட் போவதில்லை, ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கி மெஷினைக் கெடுக்கிறது. இதற்கு மாற்று மின்சாரம் தேவையில்லை, ஸ்டெபிலைசரும், திடீர் மின்தாவலைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும் போதும். இந்த நான்காவது வகைக்குப் போய் ஜெனரேட்டர் வாங்கியவர்கள் உண்டு.

இதே நோட்டில் இன்னொரு எண்ணையும் எழுதுங்கள்: ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் உங்களுக்கு எவ்வளவு நட்டம்? நின்ற உற்பத்தி, கெட்ட சரக்கு, சும்மா உட்கார்ந்திருந்த ஆட்களின் கூலி, திரும்பிப் போன வாடிக்கையாளர் எல்லாம் சேர்த்து. சில தொழில்களில் இந்த எண் மிகச் சிறியதாக வரும். அப்படியானால் நாலு எமர்ஜென்சி விளக்கும் ஒரு சின்ன யு.பி.எஸ்ஸும் வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

இரண்டாவது படி: லோடை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

கட்டடம் முழுவதற்கும் மாற்று மின்சாரம் வேண்டும் என்று ஆரம்பித்தால் எந்த வழியும் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு கருவியையும் இந்த மூன்றில் ஒன்றில் போடுங்கள்.

ஒரு விநாடிகூட நிற்கக் கூடாதவை: சர்வர், பில்லிங் கணினி, நெட்வொர்க், சில மருத்துவக் கருவிகள், இடையில் நின்றால் வேலைத் துண்டே பாழாகிவிடும் கணினிக் கட்டுப்பாட்டு மெஷின்கள்.

சில நிமிடம் பொறுக்கக்கூடியவை: விளக்கு, மின்விசிறி, உற்பத்தி மோட்டார், கம்ப்ரசர்.

வெளிக் கரண்ட் வரும்வரை காத்திருக்கக்கூடியவை: வாட்டர் ஹீட்டர், அலங்கார விளக்கு, பாதிக்கு மேற்பட்ட ஏ.சி.

குளிர்பதனத்தை எதில் போடுவது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்தால் சாதாரண ஃபிரிட்ஜ் 4 மணி நேரமும், நிறைய அடுக்கிய ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும் குளிரைத் தக்கவைக்கும் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையினர் சொல்லும் கணக்கு. ஒரு மணி நேர மின்வெட்டுக்காக ஃப்ரீசரைப் பேட்டரியில் ஓட்டுவது வீண். அதேபோல மேல்நிலைத் தொட்டியைக் காலையிலேயே நிரப்பிவிட்டால் பம்ப் மோட்டார் பட்டியலை விட்டே போய்விடும். குளிரும் தண்ணீரும் சேமித்து வைத்த மின்சாரம்தான், அவற்றுக்கு இன்வெர்ட்டர் வேண்டாம்.

பிரித்ததும் அளக்க வேண்டும். கருவியின் தகட்டில் எழுதியிருக்கும் வாட் அதன் உச்ச அளவு. உண்மையில் அது இழுப்பது குறைவாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கும். வேலை மும்முரமாக நடக்கும் நாளில் ஒவ்வொரு பேஸிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியவை இரண்டு எண்கள்: ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கிலோவாட், மின்வெட்டு முடியும்வரை மொத்தம் எத்தனை யூனிட் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). கிலோவாட்டை வைத்து ஜெனரேட்டர் அல்லது இன்வெர்ட்டரின் அளவு. யூனிட்டை வைத்து டீசல் தொட்டி அல்லது பேட்டரியின் அளவு. "எனக்கு 10 கிலோவாட் பேட்டரி வேணும்" என்று கேட்பவரிடம் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம், ஏனென்றால் அவர் கேட்டது பேட்டரியின் அளவே அல்ல.

மோட்டார் இருந்தால் மூன்றாவதாக ஓர் எண்ணும் தேவை. நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் மோட்டார் தன் வழக்கமான கரண்டைப் போல 5 முதல் 7 மடங்கு வரை ஓரிரு விநாடிகள் இழுக்கும். அந்த விநாடிகளுக்காக ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ இரண்டு மடங்கு பெரிதாக வாங்குபவர்கள் நிறையப் பேர். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டரோ, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி-யோ மாட்டினால் இந்தத் தாவல் வெகுவாக அடங்கும். முதலில் அதற்கு விலை கேளுங்கள், பெரிய கருவிக்குப் பிறகு கேட்கலாம்.

மூன்றாவது படி: டீசல் ஜெனரேட்டரின் இயல்பு

டீசலின் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம்: ஊற்ற ஊற்ற ஓடும். மூன்று நாள் மழை கொட்டினாலும் நடுநிசியானாலும் தொட்டியில் எண்ணெய் இருந்தால் மின்சாரம் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் அளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதில் சிறிய, நடுத்தர ஜெனரேட்டர் நல்ல லோடில் 3 முதல் 3.5 யூனிட் வரை மின்சாரமாகத் தரும், மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். கால்வாசி லோடில் ஓட்டினால் அதுவும் 2, 2.5 என்று இறங்கிவிடும்.

இங்கேதான் "பெருசா வாங்கி வெச்சுக்குவோம், பின்னாடி உதவும்" என்ற யோசனை அடிவாங்குகிறது. டீசல் எஞ்சினை 30 சதவீதத்துக்குக் கீழான லோடில் தொடர்ந்து ஓட்டினால் அது முழுச் சூடு ஏறாது, எரிபொருள் முழுதாக எரியாது, புகைபோக்கியில் கறுப்புப் பிசுக்காக எரியாத எண்ணெய் வழியும். நாளடைவில் இன்ஜெக்டரும் பிஸ்டன் ரிங்கும் கெடும். உங்கள் வழக்கமான லோடு ஜெனரேட்டரின் அளவில் பாதி முதல் முக்கால் வரை இருப்பதுதான் எஞ்சினுக்குப் பிடிக்கும்.

வாங்கும்போது தகட்டில் கே.வி.ஏ என்று போட்டிருப்பதைக் கிலோவாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கமான 0.8 பவர் ஃபேக்டரில் (கே.வி.ஏ-வில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 25 கே.வி.ஏ என்பது 20 கிலோவாட். அடுத்து அது ஸ்டாண்ட்பை அளவா, பிரைம் அளவா என்று கேளுங்கள். ஐ.எஸ்.ஓ 8528 தரநிலை இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. ஸ்டாண்ட்பை என்பது எப்போதாவது அவசரத்துக்கு மட்டும். தினமும் பல மணி நேரம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பிரைம் அளவைத்தான் பார்க்க வேண்டும். உயரமான மலைப் பகுதியிலும் கடும் வெப்பத்திலும் இரண்டுமே தகட்டில் உள்ளதைவிடக் குறையும்.

விலையைத் தவிர வேறு செலவுகளும் இருக்கின்றன. பெரும்பாலான எஞ்சின்களுக்கு ஏறத்தாழ 250 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஓடாமலே இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சேமித்த டீசல் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கிடந்தால் தண்ணீர் இறங்கி, நுண்ணுயிர் வளர்ந்து, ஃபில்டரை அடைக்கும். ஆத்திர அவசரத்துக்கு ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றின் குற்றவாளி எஞ்சினே அல்ல, கவனிப்பாரற்றுச் செத்துப்போன ஸ்டார்ட்டிங் பேட்டரி.

புகையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதைவிட உடனடி ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறை, நிலத்தடித் தளம், ஜன்னலுக்குப் பக்கம் என எங்கேயும் ஜெனரேட்டரை வைக்கக் கூடாது. "ஷட்டரைப் பாதி திறந்து வெச்சிருக்கோம்" என்பது காற்றோட்டம் ஆகாது.

நான்காவது படி: சோலாரும் பேட்டரியும்

இன்வெர்ட்டர் மூன்று வகை. ஆன்-கிரிட் பற்றி மேலே பார்த்தோம், மின்வெட்டுக்கு உதவாது. ஆஃப்-கிரிட் என்பது லைனே இல்லாத இடத்துக்கு. உங்களில் பலருக்குப் பொருந்துவது ஹைபிரிட். கரண்ட் இருக்கும்போது அதோடு சேர்ந்து ஓடும், போனதும் கட்டடத்தைத் தெருக் கம்பியிலிருந்து பிரித்துவிட்டு பேட்டரியிலும் பேனலிலும் ஓட்டும். விலைப்பட்டியலில் ஹைபிரிட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. மின்வெட்டின்போது அது தரும் கிலோவாட் எவ்வளவு, மாறுவதற்கு எத்தனை மில்லிவிநாடி, மோட்டார் கிளம்பும் தாவலை எத்தனை விநாடி தாங்கும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கரண்ட் இருக்கும்போது 15 கிலோவாட் தருகிற இன்வெர்ட்டரின் மின்வெட்டு இணைப்பு அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

பேட்டரியில் தேர்வு பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான். லெட்-ஆசிட் முதலில் மலிவு. ஆனால் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் சீக்கிரம் போய்விடும். போட்டதில் கால்வாசியோ ஐந்தில் ஒரு பங்கோ திரும்பி வராது. அறைச் சூடு 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை முதலில் விலை கூடுதல். ஆனால் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம், ஆயிரக்கணக்கான சுற்றுகள் (ஒரு முறை நிரப்பித் தீர்ப்பது ஒரு சுற்று) தாங்கும், இழப்பும் 10 சதவீதத்துக்குள் அடங்கும். உறைநிலைக்குக் கீழே மட்டும் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. தினசரி மின்வெட்டு உள்ள இடத்தில் லெட்-ஆசிட் வாங்குவது எனக்குச் சிக்கனமாகத் தெரியவில்லை. மாதத்தில் ஓரிரு முறைதான் போகிறது, தேவையும் சிறியது என்றால் அது இன்னமும் நல்ல தேர்வுதான்.

பேனல் எவ்வளவு தரும்? தகட்டில் எழுதியிருக்கும் வாட், ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் பேனலின் சூடு 25 டிகிரியும் என்ற ஆய்வகக் கணக்கு. வெயிலில் காயும் பேனல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அதனால் நல்ல வெயில் நாளிலும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் அங்கேயே போய்விடும். வெயில் நிறைந்த பகுதிகளில் 1 கிலோவாட் பேனல் வருடச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். குளிர் நாடுகளின் குளிர்காலத்தில் இது 1 யூனிட்டுக்கும் கீழே போகும். உங்கள் இடத்தின் கணக்கை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம்: ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ், உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் ஆகிய இரண்டும் வரைபடத்தில் இடத்தைத் தொட்டால் மாதவாரியாக எண்ணைக் கொடுக்கும். விற்பவர் சொல்லும் எண் இவற்றைவிட வெகு தூரம் அதிகமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வருடச் சராசரியை விட்டுவிட்டு, வெயில் மிகக் குறைவான மாதத்தை வைத்தே மாற்று மின்சாரத் திட்டம் போட வேண்டும். மின்வெட்டு மழைக்காலத்தில்தான் கூடும் என்றால் இது இன்னும் முக்கியம்.

கூரையைப் பற்றியும் பேச வேண்டும். பேனலின் பரப்பு மட்டும் கிலோவாட்டுக்குச் சுமார் 5 சதுர மீட்டர். தட்டையான கூரையில் நிழல் விழாத இடைவெளியும் நடக்கும் வழியும் சேர்த்தால் 8 முதல் 10 வரை ஆகும். பழைய ஷீட் கூரையானால் எடையையும் காற்றின் இழுப்பையும் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும். வாடகைக் கட்டடமா? ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பதை 25 வருட உத்தரவாதத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது படி: எல்லாவற்றையும் லிட்டரில் கணக்கிடுங்கள்

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், ஊருக்கு ஊர் வேறு. அதனால் முதலில் டீசல் லிட்டரில் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் உங்கள் ஊர் விலையால் பெருக்குங்கள். சராசரி 12 கிலோவாட், உச்சம் 18 கிலோவாட் லோடு உள்ள ஒரு சிறு தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம்.

தினமும் 2 மணி நேர மின்வெட்டு, வருடத்தில் 300 வேலை நாள். நாளுக்கு 24 யூனிட், வருடத்துக்கு 7,200. லிட்டருக்கு 3 யூனிட் என்றால் 2,400 லிட்டர். ஓட்டம் 600 மணி நேரம், அதாவது வருடத்தில் இரண்டு மூன்று ஆயில் மாற்றம். பத்து வருடத்தில் 24,000 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பதால் வருடத்துக்கு ஆறரை டன் அளவு புகையில் போகிறது.

இதே வேலைக்கு லித்தியம் பேட்டரி எவ்வளவு வேண்டும்? 24 யூனிட்தானே என்று 24 வாங்கக் கூடாது. 35 யூனிட் பேட்டரியில் 90 சதவீதம் எடுத்து, இன்வெர்ட்டர் இழப்பைக் கழித்தால் புதிதாக இருக்கும்போது 30 கிடைக்கும். பல வருடம் கழித்து பேட்டரி 80 சதவீதமாகத் தேய்ந்தபோதும் 24 கிடைக்கும். வருடத்துக்கு 300 சுற்று என்பதால் 10 வருடத்தில் 3,000. நல்ல பேட்டரிக்கு இது தாங்கும் அளவுதான்.

இனி பேட்டரி, இன்வெர்ட்டர் இரண்டின் விலையையும் 24,000 லிட்டரின் விலையோடும் ஆயில், ஃபில்டர், சர்வீஸ் செலவோடும் ஒப்பிடுங்கள். கடன் வாங்கி வாங்குவதானால் வட்டியையும் சேருங்கள். இப்படித் தினமும் உழைக்கும் பேட்டரி பெரும்பாலும் டீசலை வென்றுவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் பேனலே வரவில்லை. நாளின் மீதி 22 மணி நேரமும் லைன் கரண்ட் இருப்பதால் பேட்டரியை அதிலேயே நிரப்பிக்கொள்ளலாம். சோலாரால் நிரப்ப வேண்டுமானால் 7 கிலோவாட் பேனல் போதும். அந்தப் பேனலின் நியாயத்தை மின் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையை வைத்துத் தனியாகப் பாருங்கள். கட்டணம் உயர்ந்த இடமாக இருந்து, வேலையும் பகலிலேயே நடந்தால் அது தன் காலில் தானே நிற்கும். நிற்காவிட்டால் பேட்டரியை மட்டும் போட்டுவிட்டு, பேனலைப் பிறகு பார்க்கலாம்.

இப்போது அதே தொழிற்கூடம், வேறு ஊர். வருடத்துக்கு மொத்தம் 20 மணி நேரம்தான் மின்வெட்டு. ஆனால் அதில் ஒரு தடவை 10 மணி நேரம் தொடர்ந்து போகிறது. வருடத் தேவை 240 யூனிட், 80 லிட்டர். இதைப் பேட்டரியில் சமாளிக்க, அந்த ஒரு நீண்ட மின்வெட்டுக்காக 120 யூனிட் கொடுக்கும் பேட்டரி, தேய்மானமும் சேர்த்து 170 யூனிட் அளவில் வாங்க வேண்டும். வருடம் முழுக்க அது சும்மா கிடந்து வயதாகும். இங்கே டீசல்தான். யார் என்ன சொன்னாலும் 80 லிட்டரை மிச்சப்படுத்த அவ்வளவு பெரிய பேட்டரி வாங்குவதில் கணக்கும் இல்லை, சுற்றுச்சூழல் அக்கறையும் இல்லை.

மூன்றாவது, பகலில் 8 மணி நேரம் லைன் இல்லாத இடம். நாளுக்கு 96 யூனிட், 32 லிட்டர். வருடத்துக்கு 9,600 லிட்டர், 2,400 மணி நேர ஓட்டம். இவ்வளவு ஓடும் எஞ்சினுக்குச் சில வருடங்களிலேயே பெரிய பழுதுபார்ப்பு வரும். இங்கே பேனல் நேரடியாக லோடை ஓட்டும். 25 முதல் 30 கிலோவாட் பேனலும், மேகம் கடந்துபோகும் நேரத்தைத் தாங்கும் நடுத்தர பேட்டரியும், மழை நாளுக்கு ஜெனரேட்டரும் என்பதே சரியான சேர்க்கை. டீசல் செலவு முழுவதும் போகாது, பெரும்பகுதி போய்விடும்.

உங்கள் நோட்டில் உள்ள எண்களை இந்த மூன்றில் எது நெருங்குகிறதோ அதில் போட்டுப் பாருங்கள். கடைசியில் இருபக்கமும் வருடச் செலவை வருட யூனிட்டால் வகுத்து, ஒரு யூனிட் என்ன விலைக்கு விழுகிறது என்று பார்த்தால் பேரம் பேச வசதி. "டீசல் மின்சாரம் விலை அதிகம்" என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வருடத்துக்கு 240 யூனிட் மட்டும் வேண்டியவருக்கு அதைவிட விலை அதிகமானது அந்தப் பேட்டரிதான்.

ஆறாவது படி: இரண்டையும் சேர்ப்பதாக இருந்தால்

ஏற்கெனவே ஜெனரேட்டர் இருக்கிறது, சோலார் சேர்க்கிறோம் என்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: ஜெனரேட்டர் ஓடும்போது பேனல் என்ன செய்யும்? ஜெனரேட்டரின் மின்சாரத்தை லைன் என்று நினைத்து ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அதோடு சேர்ந்துகொள்ளக்கூடும். நல்லதுதானே என்று தோன்றும். வெயில் ஏறி லோடு இறங்கினால், பேனல் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயும். அதற்கு முன்பே எஞ்சின் 30 சதவீதத்துக்குக் கீழே போய்ப் பிசுக்கு கட்ட ஆரம்பித்திருக்கும். இதைத் தடுக்க, ஜெனரேட்டரின் குறைந்தபட்ச லோடைக் காத்துக்கொண்டு பேனலைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் வேண்டும். அது இல்லாவிட்டால் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் சோலாரைத் துண்டித்து வைக்க வேண்டும்.

பேட்டரி இருந்தால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. சின்ன ஜெனரேட்டராக வாங்கி, ஓடும்போதெல்லாம் முக்கால் லோடில் ஓட்டுங்கள். லோடு போக மிச்சத்தில் பேட்டரி நிறையட்டும். நிறைந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு பேட்டரியில் ஓட்டலாம். 18 கிலோவாட் உச்சத்தைப் பேட்டரியும் எஞ்சினும் பங்கிட்டுக்கொள்வதால் உச்சத்துக்கு ஏற்ற பெரிய ஜெனரேட்டர் வேண்டியதில்லை, சராசரி லோடைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தந்தால் போதும். இரவில் சத்தமும் இருக்காது. நீண்ட மின்வெட்டு வரும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

எந்த ஏற்பாடானாலும், லைனும் உங்கள் மின்சாரமும் ஒருபோதும் சந்திக்காதபடி சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இருக்க வேண்டும். கையால் மாற்றுவதானாலும் தானாக மாறுவதானாலும் இரண்டும் ஒரே நேரத்தில் இணைய முடியாத பூட்டு அதில் இருக்க வேண்டும். ஜெனரேட்டரைப் பிளக்கில் செருகிக் கட்டடத்துக்குக் கொடுப்பது ஆளைக் கொல்லும் வேலை. முதல் குவியலில் போட்ட கருவிகளுக்கு யு.பி.எஸ் தனியாக வேண்டும். நன்றாகப் பராமரித்த ஜெனரேட்டருக்கும் கிளம்பி லோடு ஏற்கப் பத்து விநாடி அளவு ஆகும், சர்வர் அத்தனை நேரம் காத்திருக்காது.

ஏழாவது படி: விலைப்பட்டியலைப் படிப்பது

குறைந்தது மூன்று இடத்தில், ஒரே லோடு பட்டியலைக் கொடுத்து விலைப்பட்டியல் வாங்குங்கள். லோடு பட்டியலைக் கொடுக்காமல் கேட்டால் ஒவ்வொருவரும் கையில் உள்ள சரக்கைத்தான் விலை போடுவார்கள். ஜெனரேட்டர்காரரிடம் அரை லோடிலும் முக்கால் லோடிலும் மணிக்கு எத்தனை லிட்டர், பிரைம் அளவு எவ்வளவு, சைலன்சர் கூண்டு சேர்ந்ததா, புகைக்குழாயும் அடித்தளமும் யார் பொறுப்பு என்று கேளுங்கள். சோலார்காரரிடம் பேட்டரியின் பயன்படுத்தத்தக்க யூனிட், எத்தனை சுற்று அல்லது எத்தனை வருடம் உத்தரவாதம், அந்த முடிவில் எத்தனை சதவீதம் மிஞ்சும், இன்வெர்ட்டர் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாற்றும்போது அந்தச் செலவு யாருடையது என்று கேளுங்கள். பேனலைத் துண்டிக்கும் டி.சி ஐசோலேட்டர், சர்ஜ் பாதுகாப்பு, எர்த்திங் மூன்றும் பட்டியலில் தனித்தனி வரியாக இருக்கட்டும். "எல்லாம் சேர்த்துதான்" என்ற வரியில் முதலில் காணாமல் போகிறவை இவைதான்.

மின்வாரியத்தின் அனுமதி, டீசல் சேமிக்க எவ்வளவு வரை அனுமதி, சத்தத்துக்கான வரம்பு, தீயணைப்புத் துறையின் சான்று ஆகியவை இடத்துக்கு இடம் மாறும். முன்பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள், பேட்டரி வைத்த பிறகு சொல்வதைவிட முன்பே சொல்வது நல்லது.

எட்டாவது படி: மெயினை இறக்கிப் பாருங்கள்

பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், வேலை நடக்கும் ஒரு சாதாரண நாளில் மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுச் செய்து காட்டும் சோதனையை ஏற்காதீர்கள். மிகப் பெரிய மோட்டாரைக் கிளப்புங்கள். விலைப்பட்டியலில் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால் இரண்டு மணி நேரமும் ஓடட்டும். லைன் திரும்பி வரும்போது கருவிகள் ஒழுங்காக மாறுகின்றனவா என்றும் பாருங்கள், போகும்போதைவிட வரும்போதுதான் கோளாறு காட்டும் ஏற்பாடுகள் உண்டு.

அதன்பின் மாதம் ஒரு முறை ஜெனரேட்டரை லோடோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். லோடில்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது எஞ்சினுக்கு நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம். ஸ்டார்ட்டிங் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜரையோ பேட்டரியையோ பாருங்கள். சோலார் பக்கத்தில் பேனலைத் துடைப்பதும், இன்வெர்ட்டரின் செயலியில் தினசரி யூனிட் போன வருடம் இதே மாதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் போதும். சேஞ்ச்-ஓவர் சுவிட்சுக்குப் பக்கத்தில், எதை முதலில் அணைப்பது, எதை எந்த வரிசையில் போடுவது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இரவு ஷிஃப்டில் இருப்பவர் அதைப் பார்த்துத் தனியாக ஒரு முறை செய்து காட்டட்டும்.